விதைநெல்லும் டி செல்லும்: எதிர்ப்பாற்றல் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

தடுப்பூசி செலுத்திக்கொண்ட பிறகோ, வைரஸ் காய்ச்சலிலிருந்து மீண்ட பிறகோ, "எனக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று ரத்தத்தில் பார்க்க முடியுமா, டாக்டர்?" என்று கேட்போர் பலர். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் குடும்பங்களும் இதைக் கேட்கின்றன. கொரோனாக் காலத்தில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பரிசோதனை பலருக்கும் அறிமுகமாயிற்று. அதற்கு அடுத்தபடியாக "டி செல் பரிசோதனை" என்னும் பெயரும் இப்போது காதில் விழத் தொடங்கியிருக்கிறது.

கேள்வி நியாயமானதே. ஆனால் விடையாக வரும் எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டால் இரண்டு வகையில் தீங்கு நேரலாம். எண் உயர்ந்திருக்கிறது என்று நம்பி, செலுத்திக்கொள்ள வேண்டிய தடுப்பூசியை ஒருவர் தள்ளிப்போடலாம். எண் குறைந்திருக்கிறது என்று அஞ்சி, மாற்றுச் சிறுநீரகத்தைக் காத்துவரும் மாத்திரையை மற்றொருவர் தாமாகவே நிறுத்திவிடலாம். முதலாமவர் தடுத்திருக்கக்கூடிய நோய்க்கு ஆளாகிறார். இரண்டாமவர் பெற்ற உறுப்பையே இழக்க நேரிடும். எனவே டி செல் என்பது என்ன, ஆய்வகத்தில் அதை எப்படிச் சோதிக்கிறோம், அறிக்கையை எப்படிப் படிக்க வேண்டும் என்பவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

எதிர்ப்பொருளும் டி செல்லும்

நம் ரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஒரு வகை நிணநீர் அணுக்கள். அவற்றுள் பி செல், டி செல் என்று இரு பெரும் பிரிவுகள் உண்டு. பி செல்களிலிருந்து எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. இவை ரத்தத்திலும் சளிச்சவ்வுகளிலும் மிதந்துகொண்டிருந்து, வைரஸ் செல்லுக்குள் நுழையும் முன்பே அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள். ஆனால் வைரஸ் ஒருமுறை செல்லுக்குள் புகுந்துவிட்டால் எதிர்ப்பொருளுக்கு அது எட்டுவதில்லை. அங்கேதான் டி செல்லின் வேலை தொடங்குகிறது.

டி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. 'டி' என்னும் எழுத்து அந்தச் சுரப்பியின் பெயரிலிருந்து வந்தது. இவற்றில் உதவி டி செல்கள் மற்ற அணுக்களை வழிநடத்துகின்றன. பி செல்கள் நல்ல எதிர்ப்பொருள்களை உருவாக்கவும் இவற்றின் துணை தேவை. கொல்லி டி செல்கள், வைரஸ் குடிகொண்ட செல்லை அடையாளம் கண்டு அதை அழிக்கின்றன. அந்த அடையாளத்தை அவை எப்படிக் காண்கின்றன என்பதை ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகெல் ஆகிய இருவரும் 1970-களில் கண்டறிந்தனர். அதற்காக 1996-ல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், இரண்டுமே என்பதுதான் விடை. தொற்று ஏற்படுவதைத் தடுப்பதில் எதிர்ப்பொருளின் பங்கு பெரிது. தொற்று ஏற்பட்ட பின் அது முற்றி உயிருக்கு ஆபத்தாகாமல் காப்பதில் டி செல்லின் பங்கு பெரிது. பிறவியிலேயே எதிர்ப்பொருளை உருவாக்க இயலாத குழந்தைகள் தட்டம்மை வந்தால் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே குணமடைகிறார்கள். டி செல் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளுக்கோ அதே தட்டம்மை உயிரைப் பறிக்கக்கூடிய நோயாகிவிடுகிறது.

அக்கி காட்டும் உண்மை

டி செல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்களில் அனைவரும் அறிந்த சான்று அக்கி. சிறு வயதில் சின்னம்மை வந்து குணமானாலும் அந்த வைரஸ் உடலை விட்டு முற்றிலும் நீங்குவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. அதை உறக்கத்திலேயே வைத்திருப்பவை டி செல்கள். முதுமையில், அல்லது ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால், அல்லது புற்றுநோய் சிகிச்சையால் அந்தக் காவல் தளரும்போது வைரஸ் விழித்து, நரம்பின் வழியே தோலுக்கு வந்து, உடலின் ஒரு பக்கத்தில் எரிச்சலும் கொப்புளங்களுமாக வெளிப்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்கி வருபவரின் ரத்தத்தில் சின்னம்மைக்கு எதிரான எதிர்ப்பொருள் பொதுவாகக் குறைந்திருப்பதில்லை. எதிர்ப்பொருள் பரிசோதனை செய்தால் அறிக்கை நன்றாகவே இருக்கும். குறைந்திருப்பது டி செல்லின் காவல். ஆகவே எதிர்ப்பொருளின் அளவை மட்டும் பார்த்து எதிர்ப்பாற்றல் முழுவதையும் எடைபோட முடியாது.

குயவரிடம் சென்று காவிக் குழம்பால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் பகுதியில் நெடுங்காலமாக உள்ளது. அந்த வழக்கத்தால் மருத்துவமனைக்கு வருவது தாமதமாகிவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். நெற்றியிலோ, கண்ணைச் சுற்றியோ, மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் பார்வைக்கே ஆபத்து. அன்றே வர வேண்டும். 50 வயதைக் கடந்தவர்களுக்கு அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. தளர்ந்துபோன டி செல் காவலை மீண்டும் தூண்டுவதே அதன் முக்கியப் பணி.

களஞ்சிய நெல்லும் விதைநெல்லும்

தடுப்பூசிக்குப் பின் எதிர்ப்பொருளின் அளவு சில வாரங்களில் உச்சத்தை எட்டிப் பின்னர் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. இதைக் கண்டு "சக்தி போய்விட்டது" என்று அஞ்சுவோர் உண்டு. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பாகூரின் உழவர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். அறுவடை முடிந்து களஞ்சியத்தில் நிறைந்த நெல், உண்ண உண்ணக் குறையும். அதனால் அடுத்த சாகுபடி நின்றுவிடுவதில்லை. விதைநெல் தனியே இருக்கிறது. எதிர்ப்பொருள் களஞ்சிய நெல். நினைவு பி செல்களும் நினைவு டி செல்களும் விதைநெல். அதே வைரஸ் மீண்டும் வரும்போது இவை பெருகிப் புதிய படையை உருவாக்குகின்றன.

இந்த விதைநெல் எத்தனை ஆண்டுகள் தாங்கும்? 2003-ல் சார்ஸ் நோயிலிருந்து மீண்ட 23 பேரைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 17 ஆண்டுகளுக்குப் பின் சோதித்தனர். அந்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் அவர்களிடம் அப்போதும் இருந்தன. 2021 நவம்பரில் ஒமிக்ரான் என்னும் உருமாறிய கொரோனா வைரஸ் தோன்றியபோது, முன்பு உருவான எதிர்ப்பொருள்கள் பலவற்றிலிருந்து அது தப்பித்துக்கொண்டது. டி செல்களோ அதைப் பெருமளவு அடையாளம் கண்டன. வைரஸின் ஓரிரு பகுதிகளை மட்டுமல்லாமல் பல துண்டுகளை டி செல்கள் நினைவில் வைத்திருப்பதே அதற்குக் காரணம்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

விதைநெல் பழுதில்லாமல் இருக்கிறதா என்று அறிய உழவர் என்ன செய்வார்? நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் முடிந்துவைத்து, சில நாள் கழித்து எத்தனை முளைத்தன என்று பார்ப்பார். டி செல் பரிசோதனையும் ஒரு முளைப்புச் சோதனையே. டி செல்லை வெறுமனே எண்ணுவது போதாது. அதற்கு வைரஸின் துண்டுகளைக் காட்டி, அது விழித்தெழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நடைமுறையில் அதிகம் பயன்படும் முறை இது. கையிலிருந்து எடுத்த ரத்தம் மூன்று அல்லது நான்கு சிறு குழாய்களில் பிரிக்கப்படுகிறது. ஒரு குழாயில் எதுவும் சேர்ப்பதில்லை. மற்றொன்றில் அல்லது இரண்டில், சோதிக்கப்படும் கிருமியின் புரதத் துண்டுகள் இருக்கும். கடைசிக் குழாயில், எந்த டி செல்லையும் உசுப்பிவிடக்கூடிய ஒரு பொருள் இருக்கும். இவற்றை உடலின் வெப்பமாகிய 37 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 16 முதல் 24 மணி நேரம் வைக்கிறோம். கிருமியை முன்பே அறிந்த டி செல்கள், அதன் துண்டுகளைக் கண்டதும் இன்டர்ஃபெரான் காமா என்னும் புரதத்தைச் சுரக்கும. மறுநாள் அந்தப் புரதத்தின் அளவை எலிசா முறையில் கணக்கிடுகிறோம்.

எலிஸ்பாட் என்னும் இரண்டாவது முறையில், ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்துச் சிறு குழிகளில் இடுகிறோம். இன்டர்ஃபெரான் சுரக்கும் ஒவ்வொரு செல்லும் தான் இருந்த இடத்தில் ஒரு புள்ளியை விட்டுச்செல்லும். முளைத்த நெல்லை எண்ணுவதுபோல் அந்தப் புள்ளிகளை எண்ணுகிறோம். செல்களுக்கு ஒளிரும் சாயமேற்றி, லேசர் ஒளியின் முன் ஒவ்வொன்றாக ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி மூன்றாவது முறை. எந்த வகை டி செல் எதைச் சுரக்கிறது என்பதை அது நுட்பமாகக் காட்டும். ஆனால் இந்த நோக்கத்துக்கு அது பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களில்தான் பயன்படுகிறது.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிடலாம். ஏ.ஆர்.டி. மையங்களில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்குச் செய்யப்படும் சிடி4 பரிசோதனையும் டி செல்லைப் பற்றியதே. ஆனால் அது உதவி டி செல்களின் மொத்த எண்ணிக்கை. மூட்டையில் எத்தனை நெல் இருக்கிறது என்பதுதான் அதன் விடை. குறிப்பிட்ட ஒரு கிருமியை அவை அறியுமா என்பதை அது சொல்லாது.

அறிக்கையில் வரும் மூன்று விடைகள்

'பாசிட்டிவ்' என்றால், அந்தக் கிருமியின் துண்டுகளை அறிந்த டி செல்கள் உங்கள் ரத்தத்தில் இருக்கின்றன என்று பொருள். நீங்கள் அதைத் தொற்றின் வழியாகவோ தடுப்பூசியின் வழியாகவோ சந்தித்திருக்கலாம். சில வேளைகளில் அதன் உறவுக்காரக் கிருமியைச் சந்தித்ததாலும் இவ்வாறு வரும். சாதாரண சளியை உண்டாக்கும் கொரோனா வகை வைரஸ்களால், கோவிட் தொற்று வராத சிலரிடமும் அதை அறியும் டி செல்கள் காணப்பட்டன.

'நெகட்டிவ்' என்றால், சோதித்த அந்தச் சிறிதளவு ரத்தத்தில் விழித்தெழுந்த செல்கள் வரம்பை எட்டவில்லை என்று பொருள். நினைவு டி செல்களில் பெரும்பகுதி நிணநீர்க் கணுக்களிலும் நுரையீரல் போன்ற திசுக்களிலும் தங்கியிருக்கும். அவை கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் வந்து சேருவதில்லை. ஆகவே நெகட்டிவ் அறிக்கை எதிர்ப்பாற்றலே இல்லை என்பதற்கு உறுதிமொழி ஆகாது.

மூன்றாவது விடையைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். 'முடிவு கூற இயலாது' என்று சில அறிக்கைகள் வரும். எந்த டி செல்லையும் உசுப்பவல்ல கடைசிக் குழாயிலும் செல்கள் எழவில்லை என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஸ்டீராய்டு, கீமோதெரபி, கடுமையான நோய் ஆகியவற்றால் செல்கள் தளர்ந்திருக்கலாம்; அல்லது ரத்த மாதிரி வழியில் கெட்டிருக்கலாம். இதை நெகட்டிவ் என்று கருதாதீர்கள். மருத்துவர் தேவை எனக் கருதினால் புதிய மாதிரி எடுத்து மீண்டும் சோதிப்பார்.

செங்கல்பட்டு தந்த பாடம்

டி செல் விழித்தெழுந்தால் பாதுகாப்பு உறுதியா? இதற்கான விடை நம் அண்டைப் பகுதியிலேயே, பெரும் உழைப்பில் கிடைத்தது.

டி செல்லைச் சோதிக்கும் முறைகளில் மிகப் பழமையானது ரத்தப் பரிசோதனை அன்று. முன்கையில் போடப்படும் மாந்தூ ஊசி. பிரெஞ்சு மருத்துவர் சார்ல் மாந்தூ 1908-ல் இம்முறையை வெளியிட்டார். காசநோய்க் கிருமியின் புரதத்தைத் தோலுக்குள் செலுத்தினால், அதை அறிந்த டி செல்கள் அங்கே திரண்டு இரண்டு மூன்று நாளில் தடிப்பை உண்டாக்கும். பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் இந்தத் தடிப்பு வரும்.

1968-ல் தொடங்கி அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊர்களில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறிய உலகின் மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ, ஒப்பீட்டுக்கான வெற்று ஊசியோ போடப்பட்டது. தடுப்பூசி போட்டவர்களின் தோல் சோதனையில் தொடக்கத்தில் நல்ல தடிப்பு தோன்றியது. டி செல்கள் விழித்திருந்தன என்பதற்கு அது சான்று. ஆனால் 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி அங்கே தடுக்கவில்லை என்று தெரியவந்தது.

இதைப் படித்துவிட்டுக் குழந்தைக்குப் பி.சி.ஜி. வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. சிசுக்களுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடல் முழுதும் பரவும் கொடிய காசநோயையும் அது தடுக்கிறது. அதனால்தான் பிறந்தவுடன் போடப்படுகிறது. செங்கல்பட்டின் பாடம் வேறு: சோதனையில் டி செல் எழுந்தது என்பது கிருமியை உடல் அறியும் என்பதற்குச் சான்று, நோய் வராது என்பதற்கு அது சான்றாகாது. முளைப்புத் திறன் நன்றாக இருந்தும் வெள்ளத்தில் பயிர் போவதுண்டு என்பதை உழவர் அறிவார்.

கொரோனாவும் நம் ஊர்களும்

2020 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புதுச்சேரியில் ஜிப்மர் ஆய்வாளர்கள் மாத இடைவெளியில் மூன்று முறை எதிர்ப்பொருள் கணக்கெடுப்பு நடத்தினர். முதல் சுற்றில் 4.9 விழுக்காட்டினரிடம் இருந்த எதிர்ப்பொருள், மூன்றாம் சுற்றில் 34.5 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. பரிசோதனையில் உறுதியான நோயாளிகளைவிடத் தொற்று ஏற்பட்டவர்கள் ஏறத்தாழ 20 மடங்கு அதிகம் என்பதும் தெரிந்தது. ஊரில் எத்தனை பேருக்குத் தொற்று பரவியிருக்கிறது என்று அறிய இத்தகைய பரிசோதனை மிகப் பயனுள்ளது. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பில் இந்த அளவு 67.6 விழுக்காடாக இருந்தது. அதன் பின்னர் தடுப்பூசியும் ஒமிக்ரான் அலையும் வந்தன.

ஆகவே இன்று வில்லியனூரிலோ பாகூரிலோ நலமாக உள்ள ஒருவருக்குக் கொரோனாவுக்கான டி செல் பரிசோதனை செய்தால், பாசிட்டிவ் வருவதே இயல்பு. தெரிந்த செய்தியைத் தெரிந்துகொள்ளப் பணம் செலவழிப்பதாகவே அது முடியும். எத்தனை அலகு இருந்தால் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ளப்பட்ட வரம்பு எதுவும் இந்தச் சோதனைக்கு இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 மார்ச்சில் டி செல் அடிப்படையிலான முதல் கோவிட் சோதனைக்கு அவசரகால அனுமதி வழங்கியபோது, முன்பு தொற்று ஏற்பட்டதா என்று அறியவே அதை அனுமதித்தது. தடுப்பூசிக்குப் பின் எதிர்ப்பாற்றலை அளக்க எதிர்ப்பொருள் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதே ஆண்டு மே மாதம் அறிவுறுத்தவும் செய்தது.

"எனக்கு வந்தது தொற்றா, தடுப்பூசியின் விளைவா என்று பிரித்துச் சொல்லுமா?" என்றும் கேட்கிறார்கள். கோவிஷீல்டு தடுப்பூசி வைரஸின் கூர்முனைப் புரதத்தை மட்டுமே உடலுக்கு அறிமுகப்படுத்தியது. எனவே வைரஸின் வேறு புரதங்களுக்கு டி செல் எழுந்தால், தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்று ஊகிக்க முடியும். கோவாக்சினோ செயலிழக்கச் செய்யப்பட்ட முழு வைரஸ். அதைப் போட்டுக்கொண்டவர்களிடம் இந்தப் பிரிப்பு எளிதில் இயலாது.

எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் குடும்பத்தாருக்கு

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களுக்கு மருந்து உட்கொள்பவர்கள், ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்குத் தடுப்பூசிக்குப் பிறகும் எதிர்ப்பொருள் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். ரிடுக்ஸிமாப் என்னும் மருந்து பி செல்களை நீக்குகிறது. அதனால் எதிர்ப்பொருள் உருவாவது தடைபடும். ஆனால் இம்மருந்து பெற்றவர்களில் பலரிடம் தடுப்பூசிக்குப் பின் டி செல்கள் எழுந்தது ஆய்வுகளில் காணப்பட்டது. எதிர்ப்பொருள் சுழியம் என்ற அறிக்கையைக் கண்டு, தடுப்பூசி வீணாயிற்று என்று மனம் தளர வேண்டியதில்லை.

டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட் போன்ற மருந்துகளின் நிலை வேறு. அவை டி செல்லையும் அடக்குகின்றன. அடக்கினால்தான் மாற்று உறுப்பை உடல் தாக்காது. "எதிர்ப்புச் சக்தி வரட்டும்" என்று ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தினால், திரும்பி வரும் அந்தச் சக்தி முதலில் பாயக்கூடிய இடம் உங்கள் புதிய சிறுநீரகம்தான். எந்த அறிக்கையைப் பார்த்தும் இம்மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். தடுப்பூசியையொட்டி மருந்தின் நாளை மாற்றியமைக்க வேண்டுமானால், உங்கள் சிகிச்சை மருத்துவரே அதைச் சொல்வார்.

இத்தகையோருக்கு உறுதியான பாதுகாப்பு வீட்டிலிருந்தும் வருகிறது. வீட்டிலுள்ள மற்றவர்கள் தங்கள் தடுப்பூசிகளை முடித்திருப்பது, காய்ச்சல், சளி உள்ளவர்கள் சற்று விலகியிருந்து முகக்கவசம் அணிவது, காய்ச்சல் கண்ட முதல் நாளே மருத்துவமனைக்கு வருவது ஆகியவை எந்தப் பரிசோதனை எண்ணையும்விடப் பயன் தரும்.

பரிசோதனை உண்மையில் உதவும் இடங்கள்

பரிசோதனையின் விடை சிகிச்சையை மாற்றுமானால் அதைத் தயங்காமல் செய்ய வேண்டும். எங்கள் மருத்துவமனைக்கு வருவோர் பெரும்பாலும் சந்திக்கும் டி செல் பரிசோதனை காசநோய்க்கான 'இக்ரா'. முன்பு சொன்ன குழாய் முறையே அது. பி.சி.ஜி. தடுப்பூசியில் இல்லாத புரதங்களை அது பயன்படுத்துவதால், சிறு வயதில் போட்ட தடுப்பூசி அதன் விடையைக் குழப்பாது. முடக்குவாதம் முதலியவற்றுக்குச் சில உயிரியல் ஊசிகளைத் தொடங்கும் முன்பும், உறுப்பு மாற்றுக்கு முன்பும், உடலில் உறங்கும் காசநோய்த் தொற்று உண்டா என்று அறிய இது உதவுகிறது. பாசிட்டிவ் வந்தால் காசநோய் வந்துவிட்டது என்று பொருளில்லை. எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சளிப் பரிசோதனை ஆகியவற்றால் நோய் இல்லை என்று உறுதி செய்த பின், தடுப்பு மருந்து தரப்படும்.

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானால், அதே வீட்டிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கும், நோய் இல்லை என்று அறிந்தவுடன், இந்தப் பரிசோதனைக்காகக் காத்திராமலே தடுப்பு மருந்து தொடங்கலாம். மற்றவர்களுக்கு வாய்ப்புள்ள இடங்களில் பரிசோதனை செய்யப்படும்.

எதிர்ப்பொருளின் எண் உண்மையாகவே வழிகாட்டும் இடமும் உண்டு: டயாலிசிஸ் நோயாளிகளின் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. ஆண்டுக்கொரு முறை சோதித்து, அளவு 10 அலகுக்குக் கீழே சென்றால் ஊக்க ஊசி போடப்படும். அந்த வரம்பு பல்லாண்டு ஆய்வில் உறுதியானது. கொரோனாவின் டி செல் சோதனைக்கு அத்தகைய வரம்பு இல்லாததே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

மாதிரி கொடுக்கும்போது

மருத்துவர் இப்பரிசோதனையை எழுதித் தந்தால் சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

சர்க்கரைப் பரிசோதனையைப் போல வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை.

இது உயிருள்ள செல்களைச் சோதிப்பது. கரையாம்புத்தூரிலோ கூடப்பாக்கத்திலோ எடுத்த ரத்தம், ஆய்வகம் குறித்த நேரத்துக்குள், குறித்த வெப்பநிலையில் வந்து சேர வேண்டும். கத்திரி வெயிலில் வண்டிப் பெட்டியில் கிடந்த மாதிரி நம்பத்தகுந்த விடை தராது. இயன்றால் மருத்துவமனைக்கே வந்து, வேலை நாளின் காலையில் மாதிரி கொடுப்பது நல்லது.

உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் சீட்டையும், அண்மையில் போட்ட தடுப்பூசிகளின் விவரத்தையும் கொண்டுவாருங்கள். பரிசோதனைக்காக எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

விடை வர ஓரிரு நாளாகும். அறிக்கையைக் கைப்பேசியில் பார்த்து முடிவெடுக்காமல், எழுதித் தந்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாய்க்கடி போன்ற அவசர நிலையில் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருக்க நேரமில்லை. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். முன்பே முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்களுக்கும் மீண்டும் ஊசி தேவைப்படும்.

எந்தப் பரிசோதனைக்கும் முன் மருத்துவரிடம் ஒரு கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: "இதில் பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள், நெகட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் ஒரே விடை வருமானால், அந்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையில்லை. அந்தச் செலவில், வீட்டுப் பெரியவர்களின் தடுப்பூசிகளில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்து முடித்துவிடுங்கள். அடுத்த முறை வரும்போது தடுப்பூசி அட்டைகளையும் உடன் கொண்டுவாருங்கள். சேர்ந்து பார்த்துச் சொல்கிறோம்.